கொள் வாத்தியம் கையில் இருக்கும்போதே கேளுங்கள்: நீலகிரி இசைக்காரர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யும் முறை

நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் இசை உருவான காலத்தில் கார்னெட் என்ற, ட்ரம்பெட் போன்ற ஊதுகருவியை வாசித்தவர் ‘படி’ (Buddy) போல்டன். 1907-க்குப் பிறகு அவர் வாசிக்கவில்லை, 1931-ல் இறந்தார். அவருடைய ஒலிப்பதிவு ஒன்றுகூட இன்று கிடையாது. அவர் எப்படி ஊதினார் என்று நமக்குத் தெரிவதெல்லாம் அவரைக் கேட்டவர்களும் கூட வாசித்தவர்களும் பிற்காலத்தில் வாயால் சொன்னதுதான். 1958-ல் அந்நகரின் டூலேன் பல்கலைக்கழகம் ஃபோர்டு அறக்கட்டளை கொடுத்த பணத்தில் ஒரு ஜாஸ் ஆவணக்காப்பகம் தொடங்கியது. வில்லியம் ரஸ்ஸல், ரிச்சர்ட் ஆலன் போன்றவர்கள் வயதான கலைஞர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்து டேப்பில் பிடித்தார்கள். ஒரு நகரத்தின் இசை வரலாறு அப்படித்தான் தப்பியது.

நீலகிரியில் அதே வேலை காத்துக்கிடக்கிறது. கோத்தர் பழங்குடியினரின் ஏழு கோக்கால்களிலும் (ஊர்களிலும்) கொள் (ஊதும் முனையில் சீவாளி எனும் அதிரும் நாக்கு வைத்த குழல்), கொம்பு, தம்பட்டை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். இருளர், குறும்பர் ஊர்களில் குழலும் மேளமும் உண்டு. வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரின் ராணுவ பேண்டில் ஊதி ஓய்வு பெற்றவர்கள், கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போகும் பேண்டு செட்காரர்கள், சர்ச் பாடகர் குழுவில் ஆர்கன் வாசித்தவர்கள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களின் தப்புக் கலைஞர்கள் என்று பட்டியல் நீளும். இங்கே சொல்வது பெரும்பாலும் கொள் வாத்தியத்தை வைத்தே இருக்கும். மற்ற வாத்தியங்களுக்கும் முறை இதேதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாத்தியக்காரரின் நினைவு விரலிலும் மூச்சிலும் இருக்கிறது. நாற்காலியில் உட்காரவைத்து, “உங்கள் இசையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் கிடைப்பது விழா மேடைப் பேச்சு. வாத்தியத்தைக் கையில் கொடுத்து, ஒரு மெட்டை வாசிக்கச் சொல்லி, அது முடிந்த அந்த நிமிடத்திலேயே கேட்டால்தான் “இது எங்க பெரியப்பா சாவுல வாசிச்சது” என்ற பேச்சு வரும். பேட்டியை ஒரு நாளும் வாசிப்பை இன்னொரு நாளும் வைப்பதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு.

யாரிடம், எப்போது கேட்பது

வாசிப்பவர் ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது. கோத்தர் ஊரில் முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து, என்ன பதிவு செய்யப் போகிறீர்கள், அது எங்கே போகும், யார் கேட்பார்கள் என்று சொல்லுங்கள். முதல் சந்திப்புக்குக் கருவி எதையும் எடுத்துப் போகாதீர்கள். மைக்கைப் பார்த்தவுடன் பேச்சு அதைப் பற்றியதாகிவிடும்.

கோத்தர் இசையில் சாமிக்கு, ஆட்டத்துக்கு, சாவுக்கு என்று மெட்டுகள் தனித்தனி. சாவு மெட்டைச் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஊருக்குள் வாசிக்கச் சொல்லக் கூடாது. சாமி மெட்டுகளுக்கும் இடமும் காலமும் உண்டு. எதை வாசிக்கலாம், எதை ஊருக்கு வெளியே வைத்து வாசிக்கலாம், எதைப் பற்றிப் பேச மட்டும் செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று நான்கு வரிசையாக முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் உள்ளதைப் பிறகு நைச்சியமாகக் கேட்டு வாங்கப் பார்ப்பது அடுத்து வருபவர்களுக்கும் சேர்த்துக் கதவை அடைக்கும்.

டிசம்பர், ஜனவரியில் அய்யனோர் அம்மனோர் திருவிழா நடக்கும். அந்த நாட்களில் வாசிப்பவர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. அனுமதி இருந்தால் ஓரமாக நின்று பாருங்கள், கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள். விழா முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து உட்கார்ந்தால் எல்லாம் பசுமையாக இருக்கும். பேண்டு செட்காரர்களுக்கு வேறு கணக்கு: முகூர்த்த மாதங்களையும் மே மாத மலர்க் கண்காட்சி சீசனையும் தவிர்த்துவிடுங்கள். ஆடி மாதம் அவர்களுக்கு ஓய்வு. ஆனால் கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். தகர ஷீட் கூரைக்கு அடியில் ஒரு சொல்லும் கேட்காது.

சம்மதத்தைக் கையெழுத்தாக மட்டும் வாங்காமல் குரலிலும் பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்: ஊருக்குள் பிள்ளைகள் கேட்கலாமா, ஆய்வு மையத்தில் வைக்கலாமா, ரேடியோவில் போடலாமா, இணையத்தில் ஏற்றலாமா, பெயரைச் சொல்லலாமா, அவர் காலத்துக்குப் பிறகு யாரிடம் அனுமதி கேட்பது. மொத்தமாக “எல்லாத்துக்கும் சரி” என்ற ஒரே பதில் பின்னால் சண்டையில் முடியும். பணமும் இதில் சேர்த்தி. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறவருக்கு அந்த நாள் கூலியைக் கொடுங்கள். குழுவாக வாசித்தால் கொம்புக்காரருக்கும் தம்பட்டைக்காரருக்கும் அதே தொகை. தொகையை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கருவிகள், குளிர், ஈரம்

தேவைப்படுவது அதிகமில்லை. நான்கு தடம் பதியும் கைப்பிடி ரெக்கார்டர் ஒன்று, சட்டையில் குத்தும் மைக் இரண்டு, ஸ்டாண்டில் நிற்கும் மைக் ஒன்று, காதை முழுக்க மூடும் ஹெட்போன், காற்றைத் தடுக்கும் ரோம உறை, 32 ஜிபி மெமரி கார்டு இரண்டு. விரலைப் படம் பிடிக்க முக்காலியில் ஒரு செல்போன். பதிவை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக வையுங்கள். இந்த அளவில் இரண்டு தடம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.04 ஜிபி, நான்கு தடம் 2.07 ஜிபி பிடிக்கும். செல்போனில் மட்டும் பதிவு செய்தால், தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி கொள்ளின் ஏற்ற இறக்கத்தையே தின்றுவிடும். தம்பட்டை அடி விழும்போதெல்லாம் கொள் அமுங்கும். அடி நின்றதும் பின்னணி இரைச்சல் எழும்பும். இதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். டிசம்பர், ஜனவரி காலையில் புல்லில் உறைபனி இருக்கும்போது சாதாரண ஆல்கலைன் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். லித்தியம் ஏஏ பேட்டரி குளிரைத் தாங்கும். உபரி பேட்டரியை ஸ்வெட்டருக்கு உள்பாக்கெட்டில் வையுங்கள். இதைவிட ஆபத்து, குளிரில் கொண்டுவந்த மைக்கை அடுப்பு எரியும் அறைக்குள் எடுத்தவுடன் அதன் மேல் நீர்த்துளி கட்டுவது. கண்டென்சர் மைக்காக இருந்தால் சடசடவென்று வெடிக்கும் சத்தம் வரும், சில நேரம் ஒலியே வராது. பையை மூடியபடியே அறைக்குள் அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு திறவுங்கள். திரும்பிப் போனபின் எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். மலை ஈரத்தில் கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்க ஒரு பருவமழை போதும்.

அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கண்ணை மூடி இரண்டு நிமிடம் கேளுங்கள். ஃப்ரிட்ஜ் ஓடினால் வீட்டுக்காரரைக் கேட்டு அணைத்துவிட்டு, மறக்காமல் இருக்க உங்கள் வண்டிச் சாவியை அதன் மேல் வைத்துவிடுங்கள். ஓடு வேய்ந்த திண்ணை நல்லது. சிமெண்ட் சுவர் அறையில் எதிரொலி வந்தால் கம்பளியைத் தொங்கவிடுங்கள். யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறைச் சத்தத்தை மட்டும் பதிவு செய்து வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

மைக்கை எங்கே வைப்பது

பேசுவதற்குச் சட்டை மைக்கை முகவாய்க்குக் கீழே சுமார் 20 செ.மீ. தள்ளிக் குத்துங்கள். பெரியவர்கள் தோளில் போர்த்தியிருக்கும் வெள்ளைப் போர்வை மைக்கில் உரசி ஒவ்வொரு கையசைவுக்கும் கரகரக்கும். போர்வையை எடுக்கச் சொல்லாதீர்கள். மைக்கை அதன் ஓரத்தோடு சேர்த்துத் துணி டேப்பால் ஒட்டி, வயரை ஒரு சுற்று சுற்றிவிட்டால் உரசல் நிற்கும்.

கொள் வெட்டவெளிக்கான வாத்தியம். நான்கு சுவருக்குள் அதன் ஒலி காதைக் குத்தும், மைக்கும் திணறும். முற்றத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டு மைக்கை வாத்தியத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி, அணசுக்கு (குழலின் விரிந்த அடிவாய்க்கு) நேராக இல்லாமல் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். நேராக வைத்தால் காற்றொலியும் கீச்சும் மட்டும் தூக்கலாக இருக்கும். விரல் துளைகளிலிருந்து வரும் ஒலி விழாது. கொம்புக்காரர்கள் இன்னும் மூன்று மீட்டர் பின்னால் நிற்கட்டும். தம்பட்டைக்கு ஒரு தனித்தடம் கட்டாயம் ஒதுக்குங்கள். கொள்ளும் தாளமும் எங்கே சேர்கின்றன, எங்கே கொள் தாளத்தை விட்டு மிதந்துபோய்த் திரும்ப வந்து பிடிக்கிறது என்பதுதான் கற்றுக்கொள்ள வருபவருக்குப் பெரிய புதிர். இரண்டும் ஒரே தடத்தில் கலந்துவிட்டால் அதைப் பிரித்துக் கேட்க முடியாது.

ஒலி அளவை அமைக்க, இருப்பதிலேயே பலமாக வாசிக்கும் இடத்தை வாசிக்கச் சொல்லி உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி வையுங்கள். சோதனைக்காக வாசிக்கும்போது யாரும் முழு மூச்சில் ஊதுவதில்லை; ஆட்டம் சூடு பிடித்ததும் ஆறு டெசிபலாவது ஏறும். அந்த இடைவெளியை விட்டுவைக்காவிட்டால் நல்ல வாசிப்பு முழுவதும் உடைந்த ஒலியாகப் போகும்.

தம்பட்டையைத் தீயில் காய்ச்சுவதையும் பதிவு செய்யுங்கள். மலைக் குளிரிலும் ஈரத்திலும் தோல் தொய்ந்து ஒலி மந்தமாகும். அனலில் காட்டியதும் இறுகிச் சுருதி ஏறும். எந்தச் சுள்ளி, தீயிலிருந்து எவ்வளவு தூரம், விரலால் தட்டிப் பார்த்து எப்போது போதும் என்கிறார், வாசிப்பின் நடுவில் எத்தனை முறை திரும்பத் தீக்குப் போகிறார் என்று கவனியுங்கள். பலரும் இந்த நேரத்தில் ரெக்கார்டரை அணைத்து வைத்திருப்பார்கள். ஆனால் தீயைச் சுற்றி நிற்கும்போதுதான் பழைய வாசிப்பாளர்களின் பெயர்கள் தானாக வரும்.

எப்படிக் கேட்பது

ஒரு மெட்டு, அதன் பின் பேச்சு, பிறகு அடுத்த மெட்டு என்று போங்கள். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். எழுபது வயதுக்காரருக்கு ஊதும் வேலை கடினம்; நான்கு மெட்டு ஆனதும் மூச்சு வாங்கும். தேநீர் இடைவேளையிலும் பதிவு ஓடட்டும், ஓடுகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு.

கேள்விகள் சிறியதாக, கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். “ஐயா, இத முதல்ல யாரு வாசிச்சுக் கேட்டீங்க? அப்ப நீங்க எங்க நின்னுட்டு இருந்தீங்க? அவரு வாசிச்சதுக்கும் நீங்க வாசிக்கிறதுக்கும் எந்த இடத்துல வித்தியாசம்?” இந்த மூன்றாவது கேள்விதான் பொன். அவர் வாயால் சொல்லாமல் கொள் வாத்தியத்தை எடுத்து இரண்டு விதமாகவும் ஊதிக் காட்டுவார். முப்பது நாற்பது வருடத்துக்கு முன் மறைந்த ஒருவரின் வாசிப்பு அந்தச் சில நொடியில் பதிவாகும். படி போல்டனைப் பற்றி நியூ ஆர்லியன்ஸில் திரட்டியது சொற்களைத்தான். இங்கே ஒலியாகவே கிடைக்க வாய்ப்பு இருக்கிறது.

வாத்தியத்தைப் பற்றித் தனியாக ஒரு அமர்வு வையுங்கள். இந்தக் கொள் யார் செய்தது, என்ன மரம், உள்துளை எப்படிப் போட்டது, அணசு எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது. சீவாளி எதனால் செய்தது, யார் வெட்டுகிறார்கள், எவ்வளவு நேரம் ஊறவேண்டும், எத்தனை நாள் தாங்கும். முடிந்தால் ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லி, கையை மட்டும் நெருக்கமாக, வெட்டில்லாமல் வீடியோ எடுங்கள். அளவுகோல் ஒன்றைச் சட்டகத்தில் தெரியும்படி வைத்தால், பிற்காலத்தில் பார்த்துச் செய்ய நினைக்கிறவருக்கு அளவு கிடைக்கும். துளைகளுக்கு இடையிலான தூரத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

கோத்தர்களில் வாத்தியம் ஆண்கள் கையில். பாட்டும் ஆட்டமும் பெண்களிடமும் உண்டு. எந்த மெட்டுக்கு எந்த அடி, எந்த மெட்டு வழக்கொழிந்துபோனது என்று ஆடிய பெண்களின் காலுக்குத் தெரியும். வாசிப்பவரின் பதிவைப் பாட்டிமார்களுக்குப் போட்டுக்காட்டி அவர்கள் சொல்வதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள். வாசித்தவருக்கே மறந்துபோன சங்கதி வெளியே வரும். ஆண்கள் சுற்றி நிற்காத நேரமாகப் பாருங்கள்.

வருடத்தைக் கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. அதற்குப் பதில் மலையில் எல்லாருக்கும் தெரிந்த நிகழ்வுகளோடு முடிச்சுப் போடுங்கள். குந்தா அணைகள் கட்டிய காலமா, இந்து நகரில் ஃபிலிம் பேக்டரி உற்பத்தி தொடங்கிய 1967-க்கு முன்னா பின்னா, 1978 நவம்பர் வெள்ளத்தின்போதா, 1993-ல் மரப்பாலம் மண்சரிவுக்கு முன்னா, 2009 நவம்பர் மண்சரிவுக்குப் பிறகா. இன்னும் முதியவர்கள் தங்கள் தகப்பனாரைப் பற்றிச் சொல்லும்போது 1932-ல் தொடங்கிய பைக்காரா மின்நிலையம் ஒரு எல்லைக்கல். முன்பு நீலகிரியின் இன்னொரு சமூகத்தவரான படகர் வீட்டுச் சாவுகளுக்குக் கோத்தர்கள் வாசித்தார்கள்; 1930-களிலிருந்து அந்த வழக்கம் குறையத் தொடங்கியது. அதைப் பற்றி வரும் பேச்சில் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் இருக்கலாம். குறுக்கிடாமல் கேளுங்கள். இன்னொரு தரப்பு என்ன சொன்னது என்று இவரிடம் சொல்லிக்காட்டாதீர்கள்.

ராணுவ பேண்டில் இருந்தவர்களிடம் முதலில் பழைய நோட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். கையால் பிரதி எடுத்த ஸ்வர நோட்டு, ஓரத்தில் எழுதிய பெயர், ஊர், இவை ஒவ்வொன்றும் ஒரு கேள்வி. அவர்களில் கிளப் நடனங்களுக்கு வாசித்தவர்கள் இருந்தால் எந்தெந்த மெட்டு, எத்தனை பேர், என்ன கூலி, எந்த வாசல் வழியாக உள்ளே போனார்கள் என்பதுவரை கேளுங்கள்.

வீட்டில் கிடக்கும் பழைய கேசட்

கேட்டால் பரணிலிருந்து ஒரு பை கேசட் இறங்கும். உடனே போட்டுப் பார்க்கத் தோன்றும், போடாதீர்கள். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், மூச்சில் ஏறினால் உடம்புக்கும் கெடுதல். தனி உறையில் போட்டு, அனுபவமுள்ள ஆவணக்காப்பகத்துக்கு அனுப்புங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் டேப் நெளிந்துவிடும்.

நல்ல நிலையில் இருந்தால் முதலில் மேல் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள், தவறி அழியாது. ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். சி-120 கேசட்டில் டேப் மெல்லியது. வேகமாகச் சுற்றாமல் ஒருமுறை சாதாரண வேகத்தில் ஓடவிடுங்கள். ஒலி மந்தமாக இருந்தால் ஹெட்டின் சாய்வைத் திருத்தும் சிறிய திருகை, மேல்சுருதி தெளியும் வரை மிக மெதுவாகத் திருப்புங்கள். ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு டேப் ரெக்கார்டரில் பதிவானது என்பதால் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். ஒரு மணி நேரக் கேசட்டைக் கணினிக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை.

வீடு திரும்பிய அன்றே

கார்டிலிருந்து இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குக்கு அன்றிரவே மாற்றுங்கள். மூன்றாவது பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். மண்சரிவு வரும் மலையில் எல்லாப் பிரதியும் ஒரே வீட்டில் இருப்பது அறிவுடைமை அல்ல. கோப்புப் பெயரில் தேதி, ஊர், வரிசை எண் மட்டும் போதும். பேசியவரின் பெயர் தனிப் பட்டியலில் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 சரிபார்ப்பு எண் (கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் எண்) எடுத்து, வருடம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். டிஸ்க் சத்தமில்லாமல் கெட்டுப்போவது அப்போதுதான் தெரியும். இரைச்சல் நீக்கும் மென்பொருள் எதையும் மூலக் கோப்பில் போடாதீர்கள், பிரதியில் மட்டும்.

எழுத்தாக்கம் பொறுமையான வேலை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோத்தர் மொழியில் சொன்னதைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது சொல்லின் இறுதியில் வரும் மெய்க்கூட்டங்களும் ககரம் k-வா g-வா என்ற ஒலி வேறுபாடும் தப்பும். மெட்டுகளின் பெயர், தாள வகைகளின் பெயர், வாத்திய உறுப்புகளின் பெயர் ஆகியவற்றை மட்டும் தனியாக, ஒவ்வொன்றும் மூன்று முறை சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எழுத்தை அந்த ஊர் இளைஞர் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கட்டும், அதற்கும் கூலி உண்டு. தமிழில் மாற்றி எழுதி “சரிசெய்த” எழுத்தாக்கம் பயன்படாது.

வைப்பதற்கு இடங்கள் உண்டு. முத்தோரை பாலாடாவில் அரசின் பழங்குடியினர் ஆய்வு மையம், கோத்தகிரி கன்னேரிமுக்கில் ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய பழைய பங்களாவில் இயங்கும் நீலகிரி ஆவண மையம், இசைக்கென்றே 1982-ல் தொடங்கி இப்போது குருகிராமில் இயங்கும் இசை இனவியல் (சமூகங்களின் இசையை ஆராயும் துறை) ஆவணக்காப்பகம். எங்கே கொடுத்தாலும் சம்மதத் தாளின் நகலும் கூடப் போக வேண்டும். ஊர் மறுத்த மெட்டுகள் எவை என்ற பட்டியலும் அதில் இருக்க வேண்டும்.

ஆனால் முதல் பிரதி ஊருக்கு. வேவ் கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் சில செல்போன்களில் ஓடாது. ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்கவும் செய்யாது. ஒவ்வொரு மெட்டையும் தனிக் கோப்பாக வெட்டி, 192 கிலோபிட் எம்பி3 ஆக்கி, மெட்டின் பெயரையும் வாசித்தவர் பெயரையும் தமிழில் எழுதி மெமரி கார்டில் கொடுங்கள். ஊருக்கு ஒன்று, வாசித்தவர் வீட்டுக்கு ஒன்று, கற்றுக்கொள்ளும் பையன்களுக்கு ஒன்று. அவர்களுடைய கார்டில் தம்பட்டைத் தடத்தைத் தனியாகவும் கொள் தடத்தைத் தனியாகவும் சேர்த்து வையுங்கள், ஒன்றை ஓடவிட்டு மற்றதைப் பழகலாம்.